நாறியது கிராம், நாறாதது டன்: தென் டர்பன் எரிவாயு நிலையம் ஒன்றின் உமிழ்வுக் கணக்கு

தென் டர்பன் தொழிற்பகுதியில் எரிவாயு நிலையம் ஒன்று இருக்கிறது. தொலைதூரக் குழாயில் உயர் அழுத்தத்தில் வரும் வாயுவை அளந்து, சூடாக்கி, அழுத்தம் குறைத்து, மணமூட்டி, ஆலைகளுக்குப் பிரித்துவிடுவது அதன் வேலை. 2024 குளிர்காலத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் 'அழுகின வெங்காய நாத்தம்' என்று திரும்பத் திரும்பப் புகார் செய்தார்கள். அதே ஆண்டில் அதே நிறுவனம், ஊருக்கு வெளியே கரும்புக்காட்டு நடுவில் உள்ள வால்வு நிலையத்தில் டன் கணக்கில் மீத்தேனைக் காற்றில் திறந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. இந்த இரண்டும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் எந்தப் படிவத்தில் ஏறின, எதில் ஏறாமல் போயின என்று தேடியதன் பதிவு இது.

ஆலைகளுக்கு உமிழ்வுக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இங்கே ஆலைப் பக்கம் நிற்கவில்லை. குடியிருப்போர் குழு கேட்டுக்கொண்டதால் அவர்களுக்காகக் காகிதம் படித்தேன். கூலி, நல்ல மட்டன் கறியும் ஊறுகாயும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இடத்தை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, குழாய் அளவுகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். சட்ட விவரங்களில் கை வைக்கவில்லை.

மூக்குப் பழகிய ஊர்

இந்தப் பகுதி மக்களின் மூக்கை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெண்ட்வர்த் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1954இல் வந்தது, சாப்ரெஃப் என்ற இன்னொரு சுத்திகரிப்பு ஆலை அறுபதுகளில். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய மெரிபேங்க், கலப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய வெண்ட்வர்த், பழைய கிளேர்வுட் எல்லாம் அந்தப் புகைபோக்கிகளின் காலடியில்தான் கிடக்கின்றன. மெரிபேங்க் தெருக்களுக்கு வாரங்கல், பாரக்பூர் என்று இந்திய ஊர்ப்பெயர்கள் வைத்தவர்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்க்கவில்லை. செட்லர்ஸ் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆஸ்துமா அறிகுறி உண்டு என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு காட்டியது. 2001இல் நிலத்தடிக் குழாயிலிருந்து பத்து லட்சம் லிட்டருக்குமேல் பெட்ரோல் வீடுகளுக்கு அடியில் கசிந்தது. 2020 டிசம்பர் 4 அன்று, எஞ்சென் என்று பெயர் மாறிய அந்த வெண்ட்வர்த் ஆலையில் வெடி. 2022 மார்ச் இறுதியில் சாப்ரெஃப் இயக்கத்தை நிறுத்தியது.

ஆகவே இங்கே நாற்றத்தைக் குறித்துவைப்பது ஒரு பழக்கம். 2000 வாக்கிலேயே பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்று மாதிரி பிடிக்கும் முறையைத் தென் டர்பன் மக்கள் கற்றுக்கொண்டார்கள். என்னிடம் வந்த ஆதாரமும் அப்படி ஒன்றுதான்: தெருவே 'ஆயா' என்று கூப்பிடும் ஒரு மூதாட்டி, கோயில் நாள்காட்டியின் கட்டங்களுக்குள் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள். கிருத்திகைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே 'கேஸ், 6 மணி, காத்து இல்ல' என்று இருக்கும். இன்னொரு கட்டத்தில் 'பேரனுக்கு வாந்தி' என்று மட்டும்.

"தம்பி, ரிஃபைனரி வாடை எனக்குத் தெரியும், பேப்பர் மில் வாடையும் தெரியும். இது ரெண்டும் இல்ல," என்றார்.

"எவ்வளவு நேரம் இருக்கும் ஆயா?"

"சோறு வடிச்சு முடிக்கிற நேரம். அப்புறம் போயிடும். ஆபீசுல இருந்து ஆள் வர்றப்ப ஒண்ணும் இருக்காது. என்னப் பைத்தியக்காரியப் பாக்குற மாதிரி பாப்பாங்க."

மாநகராட்சியின் காற்றுக் கண்காணிப்புக் கருவிகளும் இதில் கைகொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. 2009இல் அறிவித்த தேசியக் காற்றுத் தர அளவுகளில் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, பிஎம் 10 என்ற நுண்துகள், ஓசோன், பென்சீன், ஈயம், கார்பன் மோனாக்சைடு ஆகியவை இருக்கின்றன. 2012இல் அதைவிட நுண்ணிய பிஎம் 2.5 சேர்ந்தது. மீத்தேனும் இல்லை, நாற்றமூட்டும் கந்தகச் சேர்மங்களும் இல்லை. கருவி எதற்கென்று வைத்தார்களோ அதைத்தான் அளக்கும்.

குழாயில் என்ன வருகிறது

டர்பனுக்கு வரும் வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை. மொசாம்பிக்கின் பாண்டே, டெமானே வயல்களிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயு 865 கிலோமீட்டர் குழாய் வழியே தென்னாப்பிரிக்காவின் செகுண்டா நகருக்குப் போகிறது. 2004 முதல் இந்த ஏற்பாடு. டர்பன் இருக்கும் குவாசுலு நாட்டால் மாகாணத்துக்கு வருவது பெரும்பாலும் செகுண்டாவில் சாசோல் நிறுவன ஆலையில் கிடைக்கும் மீத்தேன் மிகுந்த வாயு. அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் லில்லி குழாய் அதை எம்பாங்கேனி, ரிச்சர்ட்ஸ் பே பக்கமாக டர்பன் கொண்டுவருகிறது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நிலக்கரியும் கனரக உலை எண்ணெயும் எரித்த பல ஆலைகள் இந்த வாயுவுக்கு மாறியதால் கந்தகப் புகை குறைந்தது என்பதை மறுக்க முடியாது. 'சுத்தமான எரிபொருள்' என்ற பெயர் அதனால் வந்தது. பெயரில் தப்பில்லை, எரியும் இடத்தில் நின்று பார்த்தால்.

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. வீட்டு சிலிண்டரில் நாம் முகர்வது மீத்தேனோ புரோப்பேனோ அல்ல, கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலக்கும் மணமூட்டி. மெர்காப்டன் அல்லது டெட்ராஹைட்ரோதயோஃபீன். கன மீட்டருக்குப் பத்து இருபது மில்லிகிராம் கலந்தாலே, வெடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் சேரும்போது மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே தெரியும் பொருள் இது. கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் ஓர் உதைபந்துத் திடல் முழுவதையும் முப்பது மீட்டர் உயரம் வரை நாறவைக்கும்.

நீள்குழாயில் பல இடங்களில் மணமூட்டியே சேர்ப்பதில்லை. ஊருக்குள் பிரிக்கும் நிலையத்தில்தான் சேர்ப்பார்கள். நாம் பார்க்கும் நிலையமும் அப்படித்தான். குழாயில் வந்த வாயு வாசமற்றது. நிலையத்தை விட்டு வெளியே போகும் வாயு நாறும். இந்த ஒரு தகவல் கையில் இருந்தால் வழக்கின் பாதி அவிழ்ந்துவிடும்.

நாற்றம் வந்த வழி

நிறுவனம் கடைசியில் கொடுத்த பதிவேடுகளில் (எப்படிக் கொடுத்தது என்பது பின்னால்) மணமூட்டி நிரப்பிய நாட்கள் இருந்தன. ஆயாவின் நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் 'கேஸ்' என்று எழுதிய நாட்களில் பெரும்பாலானவை நிரப்பு நாட்கள். பொருந்தாத ஓரிரு நாட்களில் வடிகட்டி பராமரிப்பு நடந்திருந்தது.

நிரப்புவது எப்படி என்று உள்ளே போய்ப் பார்த்தேன். சின்ன எஃகுத் தொட்டி. அதற்கு ஒரு நெகிழ்குழாய், திரும்பிவரும் ஆவிக்கு இன்னொரு நெகிழ்குழாய். தொட்டியிலிருந்து இடம்பெயரும் ஆவி கிளர்வூட்டிய கரி நிரப்பிய டப்பா வழியே வெளியே போக வேண்டும். டப்பாவின் மேல் கடைசியாகக் கரி மாற்றிய தேதி ஒட்டியிருந்தது. சூரிய வெளிச்சத்தில் வெளுத்து, ஆண்டைப் படிக்க முடியவில்லை. இணைப்பைக் கழற்றும்போது நெகிழ்குழாய் முனையில் நின்ற சில சொட்டுகள் கீழே வைத்த தட்டில் விழுந்தன. தொழிலாளி அதன் மேல் வெளுப்பு நீர் ஊற்றினார். அவருக்கு அது அன்றாட வேலை. லாரி பெரும்பாலும் பிற்பகல் கடைசியில்தான் வரும், நெரிசலுக்குப் பிறகு. டர்பன் குளிர்காலத்தில் அந்தி சாய்ந்ததும் கடற்காற்று அடங்கும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று மேலே எழாமல் படுத்துக்கொள்ளும். 'காத்து இல்ல' என்று ஆயா எழுதியது அதைத்தான்.

மொத்தத்தில் ஒரு தடவைக்கு வெளியேறியது சில கிராம், கரி தீர்ந்துபோன நாட்களில் சில பத்துக் கிராம். விஷத்தன்மை பற்றிப் பதற வேண்டிய அளவு இல்லை. ஆனால் தலைவலி, குமட்டல், பிள்ளைக்கு வாந்தி என்பதெல்லாம் பொய்யும் இல்லை. 2020 டிசம்பரில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த ஊரில் கேஸ் வாடை அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவது மட்டும்தான் புத்திசாலித்தனம்.

இதை எங்கே எழுதுவது?

2004ஆம் ஆண்டின் காற்றுத் தரச் சட்டத்தின் கீழ், 2015 ஏப்ரல் 2 அன்று உமிழ்வு அறிக்கை விதிகள் வந்தன. ஆண்டுதோறும் மார்ச் 31க்குள், முந்தைய நாள்காட்டி ஆண்டின் கணக்கை 'நேய்ஸ்' என்ற தேசிய இணையப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்ற வேண்டியவர்கள் நான்கு வகை: 21ஆம் பிரிவின் பட்டியலில் உள்ள தொழில்கள், கட்டுப்படுத்திய உமிழ்விகள் (சிறு கொதிகலன் போல அரசு தனியாக அறிவித்தவை), சுரங்கங்கள், மாநகராட்சி தன் துணைவிதி மூலம் தனியாகச் சுட்டிய இடங்கள்.

நம் நிலையம் முதல் வகையில் வராது. பட்டியலின் இரண்டாம் பகுப்பு பெட்ரோலியத் துறை. சேமிப்பு என்று வரும் இடத்தில் அது பேசுவது 1,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள திரவத் தொட்டிகளைப் பற்றி. குழாயில் ஓடும் வாயுவைப் பற்றி அல்ல. இரண்டாவதிலும் வராது. அழுத்தம் குறையும்போது வாயு குளிரும், ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் ஏறத்தாழ அரை டிகிரி. 40 பாரிலிருந்து 10 பாருக்கு இறக்கினால் பதினைந்து டிகிரி போய்விடும், வால்வில் பனி பிடிக்கும். அதனால் முன்கூட்டியே சூடாக்கச் சின்னக் கொதிகலன் ஒன்று வைத்திருக்கிறார்கள். சிறு கொதிகலனைக் கட்டுப்படுத்திய உமிழ்வி என்று கணக்கில் எடுப்பது 10 மெகாவாட் வெப்பத் திறனிலிருந்து. இது அதன் அருகில்கூட வராது. மூன்றாவது பொருந்தாது. நான்காவது, மாநகராட்சி மனம்வைத்தால்.

ஆக, தென் டர்பனின் நடுவில் இருக்கும் எரிவாயு நிலையம் ஒன்று, காற்று மாசுக்கென்றே உள்ள தேசியப் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. சட்டத்தை மீறி அல்ல, சட்டப்படியே.

நாற்றத்துக்கென்று 35ஆம் பிரிவு ஒன்று உண்டு: இடத்தை வைத்திருப்பவர் தன் வளாகத்துச் செயலால் எழும் சகிக்க முடியாத நாற்றத்தைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும். அது கடமை, அறிக்கை அல்ல. அதிகாரி வந்து முகர்ந்தால்தான் அசையும். முகர வரும்போது நாற்றம் போய்விட்டிருக்கும்.

யாரும் முகராத 45 டன்

நிரப்பு நாட்களைத் தேடிப் பதிவேட்டைப் புரட்டியபோது இன்னொரு குறிப்பு கண்ணில் பட்டது. 2024இன் பிற்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வால்வை மாற்றுவதற்காகக் குழாயின் ஒரு பகுதியை இரு பக்கமும் அடைத்து, உள்ளே இருந்த வாயு முழுவதையும் காற்றில் விட்டிருக்கிறார்கள். தொழிலில் இதைப் 'பிளோடவுன்' என்பார்கள். வேலை ஆட்களின் பாதுகாப்புக்கு இது அவசியம், அதில் சண்டையில்லை.

எவ்வளவு போனது என்று பதிவேட்டில் இல்லை. ஆனால் நீளமும் விட்டமும் அழுத்தமும் இருந்தால் பள்ளிக்கூடக் கணக்குதான். விட்டம் 450 மில்லிமீட்டர் என்றால் குறுக்குவெட்டு 0.16 சதுர மீட்டர். 10 கிலோமீட்டருக்கு 1,600 கன மீட்டர் கொள்ளளவு. 40 பார் அழுத்தத்தில் அதற்குள் இருக்கும் வாயுவைச் சாதாரண நிலைக்கு மாற்றினால் 65,000 முதல் 70,000 கன மீட்டர் வரும். எடையில் ஏறத்தாழ 45 டன் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் திறனை 28 என்று வைத்தால், 1,260 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

மணமூட்டி சேர்ப்பதற்கு முந்தைய வாயு என்பதால் நாற்றம் இல்லை. மீத்தேன் காற்றைவிட எடை குறைந்தது, மேலே போய்விடும். கரும்புக்காட்டு வேலையாட்களுக்கு விமானம் கிளம்புவது போன்ற இரைச்சல் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

இதற்கான சட்டக் கட்டம் எது? முதலில் நான் போனது தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 30ஆம் பிரிவுக்கு. அபாயப் பொருள் வெளியேறினால் உடனே தகவல் சொல்ல வேண்டும், 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும், மாநகராட்சிக்கும் ஒரு பிரதி போக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது எதிர்பாராத, திடீரென நேர்ந்த, கட்டுக்கடங்காத வெளியேற்றத்தைப் பற்றி. நம்முடையதோ ஒரு மாதம் முன்பே தேதி குறித்து, கையெழுத்து வாங்கி, வால்வை மெல்லத் திறந்து செய்த வேலை. திட்டமிட்டுச் செய்தால் 30ஆம் பிரிவு தொடாது. 4 டன் விபத்தாகக் கசிந்திருந்தால் அறிக்கை கேட்டிருப்பார்கள். 45 டன்னை ஒழுங்காகத் திறந்துவிட்டதற்குக் கேட்கவில்லை.

மிச்சம் இருப்பது பசுங்குடில் வாயு அறிக்கை விதிகள், 2017 ஏப்ரலில் வந்தவை. இதுதான் சரியான இடம். பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் வகைப்பாட்டில் 1பி2பி என்ற தலைப்பின் கீழ் இயற்கை எரிவாயுவின் கசிவு, காற்றில் விடுதல், கொளுத்துதல் எல்லாம் வருகின்றன. குழாய்ப் போக்குவரத்தும் சேமிப்பும் அதில் அடக்கம். இதற்கும் கெடு மார்ச் 31. 'சேஜர்ஸ்' என்ற இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். ஆதாரத் தாள்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். எரிப்புக்கு உள்ள 10 மெகாவாட் வரம்பு இங்கே ஒரு கொதிகலனுக்கு அல்ல, நிறுவனத்தின் எல்லா இடங்களையும் கூட்டிப் பார்ப்பதற்கு. நேய்ஸில் தப்பிய சின்னச் சூடாக்கி இங்கே மாட்டிக்கொள்ளலாம். இந்த விதிகளை எழுதியவர்கள் அந்த இடத்தில் கெட்டிக்காரர்கள்.

நிறுவனமும் ஏற்றியிருந்தது. ஒழுங்காக, கெடுவுக்குள். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. ஆண்டில் குழாயில் ஓடிய மொத்த வாயுவை எடுத்து, புத்தகத்தில் உள்ள உமிழ்வுக் காரணியால் பெருக்கியிருந்தார்கள். முதல் அடுக்கு முறை என்பது இதுதான். நாட்டளவில் தோராயக் கணக்குப் போட உருவான முறை. அந்த வேலைக்கு அது போதும். ஒரு நிலையத்துக்கு அதைப் பயன்படுத்தினால், வால்வு மாற்றிய ஆண்டுக்கும் மாற்றாத ஆண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஓடிய வாயு கூடினால் உமிழ்வு கூடும், குறைந்தால் குறையும். பிளோடவுன் பண்ணினாலும் அதே எண், பண்ணாவிட்டாலும் அதே எண். இப்படிப்பட்ட கணக்கில், மீத்தேனைக் காப்பாற்றச் செலவழிக்கும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பரிசு பூஜ்யம்.

வரிக் கணக்கும் பெரிதாகப் பயமுறுத்தாது. 2024இல் கார்பன் வரி டன்னுக்கு 190 ராண்ட். 1,260 டன்னுக்கு 2,39,400 ராண்ட். அடிப்படை விலக்கு 60 விழுக்காடு, கசிவு உமிழ்வுக்கென்று கூடுதலாக 10 விழுக்காடு; அவ்வளவும் போக 71,820 ராண்ட். இன்னும் சில விலக்குகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள், கிரேன், போக்குவரத்து என்று ஆன செலவு இதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

செய்திருக்கக் கூடியது என்ன? அடைப்பதற்கு முன் ஓரிரு நாள் கீழ்ப்பகுதி ஆலைகள் இழுக்க இழுக்க அழுத்தத்தை 20 பாருக்கு இறக்கியிருந்தால், போனது பாதியாகியிருக்கும். நகரும் அமுக்கியைக் கொண்டுவந்து பக்கத்துப் பகுதிக்குள் தள்ளியிருந்தால் இன்னும் குறையும். கொளுத்திவிட்டிருந்தால் 45 டன் மீத்தேன் ஏறத்தாழ 124 டன் கார்பன் டை ஆக்சைடாகியிருக்கும். எரியாமல் தப்பும் சொச்சத்தைச் சேர்த்தாலும் 150 டன்னைத் தாண்டாது. எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தென் டர்பனில் தீச்சுடர் தெரிந்தால் தொலைபேசி ஓயாது, இத்தனை காலப் பட்டறிவு அப்படி. கண்ணுக்குத் தெரியாத 1,260க்கு ஒரு புகார் இல்லை, கண்ணுக்குத் தெரியும் 150க்கு ஊர்க்கூட்டம் நடக்கும். நிறுவன மேலாளர் இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொளுத்தலாமே என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை.

வேறிடத்தில்

நாற்றமும் மீத்தேனும் ஒன்றாக வந்த பெரிய வழக்கு கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன். நிலத்தடிச் சேமிப்பிடத்தின் ஒரு கிணறு 2015 அக்டோபர் 23 அன்று கசியத் தொடங்கி, 2016 பிப்ரவரியில்தான் அடைபட்டது. விமானத்தில் கருவி வைத்து அளந்த விஞ்ஞானிகள் ஏறத்தாழ 97,000 டன் மீத்தேன் போனதாகக் கணக்கிட்டார்கள். சேமித்த வாயுவில் மணமூட்டி கலந்திருந்ததால் ஊருக்கு முதலில் தெரிந்தது மூக்கு வழியாக. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. மணமற்ற குழாயில் அதே கசிவு நடந்திருந்தால் எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும் என்பதைத்தான் இங்கிருந்து நாம் கேட்க வேண்டும்.

அமெரிக்க விதியில் நமக்குக் கடன் வாங்கத்தக்க ஒரு பகுதி உண்டு. எண்ணெய், எரிவாயுத் துறைக்கான அவர்களது பசுங்குடில் வாயு விதியில் அமுக்கி நிலையம், நிலத்தடிச் சேமிப்பு, குழாய் என்று ஒவ்வொன்றும் தனிப் பகுதி. இரண்டு அடைப்பு வால்வுகளுக்கு நடுவே 50 கன அடிக்கு, அதாவது 1.4 கன மீட்டருக்கு, மேல் கொள்ளளவு இருந்தால் அதைத் திறந்துவிடுவது ஒவ்வொன்றும் கணக்கில் வர வேண்டும். நம் 1,600 கன மீட்டர் அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. 2024இல் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் போகும் பெரிய வெளியேற்றங்களுக்குத் தனிப் படிவமும் சேர்த்தார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் விதியை எழுதிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே இந்த அறிக்கைத் திட்டத்தின் பெரும்பகுதியையே கைவிட முன்மொழிந்தது என்பது வேறு கதை. கடன் வாங்குகிறவன் கடைக்காரன் கடையை மூடுவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

காகிதம் கிடைத்த விதம்

குடியிருப்போர் குழு முதலில் எழுதிய கடிதங்களுக்கு 'எல்லா விதிகளுக்கும் உட்பட்டே இயங்குகிறோம்' என்று ஒரே வரி பதில். கவனித்துப் பார்த்தால் அது உண்மை. பிறகு 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டத்தின் கீழ்ப் படிவம் போட்டோம். தனியார் நிறுவனத்திடம் கேட்கும்போது, எந்த உரிமையைக் காக்க இந்தத் தகவல் வேண்டும் என்று காட்ட வேண்டும். உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழல் என்ற அரசியலமைப்பின் 24ஆம் பிரிவைக் காட்டினோம். கூடவே 2014 நவம்பர் தீர்ப்பையும் இணைத்தோம்: வால் (Vaal) ஆற்றுப் பகுதிச் சுற்றுச்சூழல் நீதிக் கூட்டணி கேட்ட ஆவணங்களை எஃகு நிறுவனமான ஆர்செலார்மிட்டல் கொடுக்கத்தான் வேண்டும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில், மணமூட்டி நிரப்பல், பராமரிப்பு, வாயு திறந்துவிட்டது ஆகியவற்றின் பதிவேடுகள் வந்து சேர்ந்தன. விலை விவரங்கள் மட்டும் கறுப்பு மையால் அடித்திருந்தது. இதே மாதிரி வழக்கு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: 'உமிழ்வு அறிக்கை வேண்டும்' என்று கேட்காதீர்கள், அதில் ஒன்றும் இருக்காது. பராமரிப்புப் பதிவேடு கேளுங்கள்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். ஆடிக்கூழ் வார்த்த அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்த பக்கத்தில் நிறுவன மேலாளரும் மாநகராட்சி அலுவலரும் உட்கார்ந்தார்கள். இளைய தலைமுறைக்கு ஆங்கிலத்திலும் பெரியவர்களுக்குத் தமிழிலும் விளக்கினேன். மேலாளர் தற்காப்பாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். நாள்காட்டியையும் நிரப்பு நாட்களையும் ஒரே தாளில் பார்த்ததும் அவர் வாதாடவில்லை. "இது எங்களுக்கே தெரியாது," என்றார். எனக்கு அது நடிப்பாகத் தோன்றவில்லை. நிரப்புபவர் ஒரு ஒப்பந்தக்காரர், புகார் வாங்குபவர் வேறு அலுவலகம், அறிக்கை எழுதுபவர் ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்.

நாற்றம் எளிதில் தீர்ந்தது. கரி டப்பா மாறியது. கழற்றினால் தானே மூடிக்கொள்ளும் இணைப்புகள் வந்தன. லாரி இப்போது காற்று அடிக்கும் முற்பகலில் வருகிறது. அதற்கு முன் தெருக் குழுவுக்கு வாட்ஸ்அப் செய்தி போகிறது. ஆயாவின் நாள்காட்டியில் அடுத்த குளிர்காலத்தில் 'கேஸ்' என்ற குறிப்பு அருகிப்போனது.

மீத்தேன் பக்கம் அவ்வளவு சுலபமில்லை. நிலையத்துக்குள் திறந்துவிடும் ஒவ்வொன்றையும் கன அளவோடு எழுதுவதாக ஒத்துக்கொண்டார்கள். நீள்குழாய் வால்வுகளுக்கு அதே முறை வேண்டும் என்றதும், 'அது வேறு பிரிவு' என்ற பதில் வந்தது. மாநகராட்சி அலுவலர் தன் அதிகாரம் நாற்றத்தோடு நிற்கிறது, பசுங்குடில் வாயு பிரிட்டோரியா விஷயம், அதாவது தேசிய அரசின் வேலை என்றார். சட்டப்படி அவர் சொன்னதும் சரி. ஆனால் நான்காம் வகை என்ற ஒரு கதவு திறந்தே கிடக்கிறது: மாநகராட்சி துணைவிதியில் எரிவாயு அழுத்தக் குறைப்பு நிலையங்களைச் சுட்டிவிட்டால், சூடாக்கியின் நைட்ரஜன் ஆக்சைடு முதல் மணமூட்டி ஆவி வரை நேய்ஸில் ஏறியாக வேண்டும். அதற்கான கோரிக்கைக் கடிதத்தைக் குழு கொடுத்திருக்கிறது. பெரிய சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம், ஒரு பத்தி போதும்.

பிரிட்டோரியாவுக்குக் கேட்டிருப்பது வேறு: எரிவாயுப் போக்குவரத்து, சேமிப்பு நிறுவனங்கள் திறந்துவிடும் வாயுவைக் காரணியால் பெருக்காமல், நிகழ்வு நிகழ்வாகக் கொள்ளளவும் அழுத்தமும் வைத்துக் கணக்கிட வேண்டும், தேதியும் இடமும் சேர்ந்த அந்தப் பட்டியல் பொதுப் பார்வைக்கு வர வேண்டும். கணக்குப் போட விலை உயர்ந்த கருவி வேண்டாம், மேலே நான் போட்டது போல நாலு வரிதான். ரிச்சர்ட்ஸ் பேயில் திரவ இயற்கை எரிவாயு முனையம் வரப்போகிறது என்று பேச்சு நடக்கும் நேரம் இது. குளிரூட்டிய தொட்டியில் நாள்தோறும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி திரும்பக் குழாய்க்குப் போகிறதா, தீச்சுடருக்கா, காற்றுக்கா என்பதை இந்தக் கணக்கு முறைதான் காட்டிக்கொடுக்கும். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வுக்குக் கருத்துக் கேட்கும் கட்டத்திலேயே இதை உரிம நிபந்தனையாக எழுதச் சொல்லலாம், பிறகு கேட்டால் 'அது வேறு பிரிவு' என்பார்கள்.

நிறுவனத்தின் அடுத்த அறிக்கையும் மார்ச் 31க்குள் போகும். திறந்துவிட்டவற்றின் பட்டியலைத் தானாகவே குழுவுக்கு அனுப்புவதாக மேலாளர் வாயால் சொல்லியிருக்கிறார். எழுத்தில் கேட்டோம், இன்னும் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரம் வரை பார்த்துவிட்டு மறுபடி படிவம் போடுவதாக உத்தேசம். ஆயாவின் பேத்தி அதை இப்போதே நிரப்பி வைத்துவிட்டாள்.